இக்கட்டு, விடுதலை, சாட்சி: வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் எங்கள் வீட்டு மாடியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு ஜெபக்கூட்டம் நடக்கிறது. லுத்தரன், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே, ஒன்றிரண்டு ஆர்.சி. குடும்பங்கள் என்று இருபது பேர் வந்தால் மாடி நிறைந்துவிடும். பாட்டு, வேதவாசிப்பு, சாட்சி (கர்த்தர் தனக்குச் செய்ததை ஒருவர் எழுந்து சொல்வது), ஜெபம், அப்புறம் டீ. கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, மாடிப்படியில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்பார்கள். அப்படி வந்தவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் போதகர் இல்லை, வேதாகமக் கல்லூரியில் படித்தவனும் இல்லை. வசனங்களெல்லாம் நாம் வீட்டில் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

சோதனை, பாடு, உபத்திரவம் எல்லாம் ஒன்றுதானா? கர்த்தர்தான் சோதனையை அனுப்புகிறாரா?

இந்தக் குழப்பத்தில் பாதி நம் தமிழ் வார்த்தையால் வந்தது. "தேவன் ஆபிரகாமைச் சோதித்தார்" என்று ஆதியாகமம் 22-ல் வாசிக்கிறோம். யாக்கோபு நிருபத்துக்கு வந்தால், "சோதிக்கப்படுகிற எவனும், நான் தேவனால் சோதிக்கப்படுகிறேன் என்று சொல்லாதிருப்பானாக" என்கிறது. இரண்டிலும் "சோதனை"தான். முதலாவது பரீட்சித்துப் பார்ப்பது. இரண்டாவது பாவத்துக்கு இழுக்கிற இச்சை. இடத்தைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

வேலை போனது, வியாதி வந்தது, வெள்ளத்தில் வீடு மூழ்கியது இதையெல்லாம் நம் வீடுகளில் "பாடு" என்போம். ஒவ்வொரு பாட்டுக்கும் "இதை இன்ன காரணத்துக்காகக் கர்த்தர் அனுப்பினார்" என்று சீட்டு ஒட்டும் தைரியம் எனக்கு இல்லை. யோபுவின் சிநேகிதர்கள் ஒட்டினார்கள். புத்தகத்தின் கடைசியில் கர்த்தரிடம் திட்டு வாங்கியவர்களும் அவர்களே.

"விடுவிப்பார்" என்று வசனம் இருக்கிறது. எனக்கு மட்டும் ஏன் இன்னும் விடுதலை வரவில்லை?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இது. கேட்கிறவர் பெரும்பாலும் சங்கீதம் 34:19-ஐ மனப்பாடமாகச் சொல்லிவிட்டுத்தான் கேட்பார்: "நீதிமானுக்கு வரும் துன்பங்கள் அநேகமாயிருக்கும், கர்த்தர் அவைகளெல்லாவற்றிலும் நின்று அவனை விடுவிப்பார்." வாக்குத்தத்த அட்டையில் இரண்டாம் பாதி பெரிய எழுத்தில் இருக்கும். முதல் பாதியில் "அநேகம்" என்ற வார்த்தையும் இருக்கிறது.

தாவீது அந்தச் சங்கீதத்தைப் பாடியது எப்போது? சவுலுக்குப் பயந்து காத் ஊருக்கு ஓடி, அங்கே அடையாளம் தெரிந்துவிட்டதும், பைத்தியக்காரன்போல நடித்து, கதவைக் கீறி, தாடியில் எச்சில் ஒழுகவிட்டுத் தப்பித்த பிறகு. அவனுக்குக் கிடைத்த விடுதலை அப்படி ஒன்றும் கம்பீரமாக இல்லை. அங்கிருந்து நேரே போய்ச் சேர்ந்த இடமும் அரண்மனை இல்லை, அதுல்லாம் குகை. ராஜாவாவதற்கு இன்னும் எத்தனையோ அலைச்சல் பாக்கி. ஆனாலும் "இந்த ஏழை கூப்பிட்டான், கர்த்தர் கேட்டு" என்று அன்றைக்கே பாடிவிட்டான்.

பவுல் இன்னும் தெளிவாகச் சொல்கிறார். ஆசியாவில் பட்ட பாட்டில் "பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக" வருத்தம் வந்தது என்று ஒளிக்காமல் எழுதிவிட்டு, அடுத்து மூன்று காலத்திலும் ஒரே வினையைப் போடுகிறார்: தப்புவித்தார், இப்பொழுதும் தப்புவிக்கிறார், இன்னும் தப்புவிப்பார் (2 கொரிந்தியர் 1:10). நம்மில் பலர் நிற்பது நடுவில் இருக்கிற "தப்புவிக்கிறார்" என்பதில். அது முடிந்த வேலை இல்லை, நடந்துகொண்டிருப்பது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கரையோரத் தெருக்களில் புகுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் கூட்டத்துக்கு வருகிற ஒரு வீட்டில் தண்ணீர் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. சேற்றை அள்ளப் பத்து நாள் ஆனது. அரிசி டிரம்முக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், தையல் மெஷின் மிதியில் என்று தோண்டத் தோண்ட வந்தது. சங்கீதம் 40-ல் "உளையான சேற்றிலுமிருந்து என்னைத் தூக்கியெடுத்து" என்ற வரியை அந்த வாரம் வாசித்தபோது, அந்த வீட்டு அக்கா, "தூக்கி எடுத்துட்டாருங்க, கழுவுறதுதான் இன்னும் முடியல" என்றார். நான் தயார் செய்திருந்த பிரசங்கத்தைவிட அது நன்றாக இருந்தது.

இதற்கு மேல் ஒரு கடினமான உண்மையும் இருக்கிறது. அப்போஸ்தலர் 12-ம் அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறான். அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறார். இருவரும் அப்போஸ்தலர், இருவரையும் பிடித்தது ஒரே ஏரோது. யாக்கோபுக்காகச் சபை ஜெபிக்காமலா இருந்திருக்கும்? லூக்கா அதற்கு விளக்கம் எழுதவில்லை. நானும் எழுதப்போவதில்லை.

சுனாமியில் "என்னைக் காப்பாற்றினார்" என்று சாட்சி சொல்கிறார்களே, அப்படியானால் செத்தவர்களை ஏன் காப்பாற்றவில்லை?

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் சுமார் 600 பேர் போனார்கள். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று எந்தக் குப்பத்தைச் சொன்னாலும் ஒரு வீட்டுக் கதை உண்டு.

சில வருடம் கழித்து ஒரு கூட்டத்தில், தம்பி ஒருவர் சாட்சி சொன்னார்: "அன்று காலை சில்வர் பீச்சுக்குப் போக இருந்தேன். ஆராதனை முக்கியம் என்று கோயிலுக்கு வந்தேன். கர்த்தர் தம்முடைய பிள்ளைகளைத் தப்புவித்தார்." எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். கடைசி வரிசையில் மகளை அலைக்குக் கொடுத்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். தலையில் போட்டிருந்த முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார். வேறொன்றும் செய்யவில்லை. அந்த இழுப்பு எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அந்தத் தம்பி பிழைத்தது நிஜம், அதற்கு நன்றி சொன்னதும் சரி. "தம்முடைய பிள்ளைகளை" என்ற ஒரு வார்த்தையில்தான் தப்பு. அது நன்றியைத் தாண்டி விளக்கத்துக்குள் போய்விட்டது. அதே காலையில் வேளாங்கண்ணிக்குப் பண்டிகை முடித்து வந்திருந்த எத்தனையோ யாத்ரீகர்கள் அலையில் போனார்கள். ஆராதனைக்கு வந்தவனை அலை தொடாது என்று யாரும் சொல்ல முடியாது.

இயேசுவிடமே இது மாதிரி பேச்சு வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, அவர்கள் எருசலேமில் எல்லோரையும்விடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்கிறார் (லூக்கா 13). அவர்கள் ஏன் செத்தார்கள் என்று சொல்லவில்லை, கேட்டவர்களை மனந்திரும்பச் சொன்னார். ஆகவே "நான் பிழைத்தேன், ஸ்தோத்திரம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

என் விசுவாசம் குறைவு, அதனால்தான் ஜெபம் கேட்கப்படவில்லை என்கிறார்களே?

சொன்னவர் உங்களுக்கு ஒரு வேளை சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னாரா, சும்மா சொன்னாரா?

மாற்கு 9-ல் ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சொல்கிறான். பாதிதான் தேறுகிற விசுவாசம். அவன் பிள்ளை சுகமானான். பவுல் தன்னை வாட்டிய ஒரு வேதனையை "மாம்சத்து முள்" என்கிறார். அது நீங்க மூன்று தரம் வேண்டினார், முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் பற்றவில்லை என்று சொல்ல ஆள் இருந்தால் சொல்லட்டும்.

அழலாமா? முறையிடலாமா?

தாராளமாக. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது 13-ம் சங்கீதம். அதுவாவது கடைசியில் பாட்டாக முடிகிறது. 88-ம் சங்கீதம் இருட்டிலேயே ஆரம்பித்து இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போவது அவிசுவாசமா?

இல்லை. விடியற்காலையில் பஸ் பிடித்து ஜிப்மர் ஓ.பி. வரிசையில் நிற்கிற நம் ஜனங்களில் பாதிப் பேர் உதட்டுக்குள் ஜெபித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தான், கர்த்தர் பதினைந்து வருடம் கூட்டிக் கொடுத்தார், கூடவே அத்திப்பழ அடையைப் பிளவைமேல் பற்றுப்போடவும் ஏசாயா சொன்னார். பற்றா, ஜெபமா என்று அங்கே யாரும் பட்டிமன்றம் வைக்கவில்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாட்சி சொல்ல வருகிறவர்களை எங்கள் கூட்டத்தில் முதலில் டாக்டரிடம் அனுப்புவோம். குஷ்டரோகியைச் சுகமாக்கியபின் இயேசுவும், போய் ஆசாரியனுக்குக் காண்பி என்றுதான் அனுப்பினார். அந்தக் காலத்து ஊருக்கு அதுதான் சர்டிபிகேட்.

சாட்சி என்றால் சரியாக என்ன? எப்படிச் சொல்ல வேண்டும்?

கோர்ட்டில் சாட்சி சொல்வது எப்படியோ அப்படி. பார்த்ததைச் சொல்வது. பிறவிக்குருடனாயிருந்து பார்வை பெற்றவனைப் பரிசேயர் மடக்கி மடக்கிக் கேட்டபோது அவன் சொன்ன ஒரு பதில்: "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்." இயேசு பாவியா இல்லையா என்ற வாதத்துக்குள் அந்தப் பதிலில் அவன் போகவில்லை. கிரேக்கத்தில் சாட்சிக்கான "மார்த்துஸ்" என்ற சொல்லே பிற்காலத்தில் உயிரைக் கொடுத்தவர்களுக்கும் பெயராயிற்று. நாம் இரத்தசாட்சி என்கிறோம்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். 2008-ல் என் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு தரம் டயாலிசிஸ். ஒரு வாரம் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஒன்பது சொச்சத்திலிருந்து ஏழு சொச்சத்துக்கு வந்தது. டாக்டர் தாளைப் பார்த்துச் சொன்னது: "கொஞ்சம் இறங்கியிருக்கு, பார்க்கலாம்." ஞாயிற்றுக்கிழமை நான் சபையில் எழுந்து சொன்னது: "டாக்டர்களே ஆச்சரியப்பட்டார்கள். அப்பாவின் கிட்னி பழையபடி வேலை செய்கிறது."

பொய் சொல்ல வேண்டும் என்று நான் எழுந்திருக்கவில்லை. "கொஞ்சம் இறங்கியிருக்கு" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முன் வரிசையில் ஒரு "அல்லேலூயா" வந்தது. அடுத்த வாக்கியம் தானாகக் கொஞ்சம் பெரிதாயிற்று. இன்னொரு அல்லேலூயா. மூன்றாவது வாக்கியத்தில் கிட்னியே சரியாகிவிட்டது. மேடையில் நின்று மைக் பிடித்தவர்களுக்கு இந்த இழுப்பு தெரியும்.

மூன்று வாரத்தில் அப்பா இறந்துபோனார். அடக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவரும் அந்தச் சாட்சியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு மூப்பர் மட்டும் கல்லறையிலிருந்து திரும்பும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டு, "தம்பி, ரிப்போர்ட்டுல என்ன இருந்துதோ அதைச் சொல்லியிருந்தாலே நாங்க ஸ்தோத்திரம் சொல்லியிருப்போம்" என்றார். கண்டிப்பாகச் சொல்லவில்லை. ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார்.

யோபு 13:7-ஐ நான் அதன் பிறகுதான் கவனித்து வாசித்தேன்: "நீங்கள் தேவனுக்காக நியாயக்கேடாய்ப் பேசி, அவருக்காக வஞ்சகமாய் வசனிக்கவேண்டுமோ?" கர்த்தருக்காகப் பொய் சொல்ல முடியும், சொல்கிறவன் பக்தியாகவே தோன்றுவான் என்பது யோபுவுக்கு அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. இரண்டு மாதம் கழித்து அம்மா சாட்சி சொல்ல எழுந்தார். அம்மா அதற்குமுன் சபையில் பேசியதே இல்லை. "அவருக்கு வியாதி வந்ததுலேர்ந்து ஆறு மாசமா ராத்திரி லைட்டை அணைக்க விடமாட்டார். பயம். கடைசி ரெண்டு நாள், 'லைட்டை அணைச்சிட்டுப் படு, கண்ணு கூசுது'ன்னார். நிம்மதியாத் தூங்கினார். எனக்கு அது போதும், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். மரணபயத்தினாலே அடிமையானவர்களை விடுதலைபண்ண வந்தார் என்று எபிரெயர் நிருபம் சொல்வதை அன்று அந்தச் சுவிட்சில் பார்த்தேன். நான் எதிர்பார்த்த விடுதலையை டயாலிசிஸ் அறையில் தேடிக்கொண்டிருந்தேன். அது படுக்கையறையில் வந்துபோனதை அம்மாதான் கவனித்திருக்கிறார்.

விடுதலை வந்த பிறகுதான் சாட்சி சொல்ல வேண்டுமா?

எனக்குத் தெரிந்து நல்ல சாட்சிகளில் பாதி, விடுதலை வருமுன் சொல்லப்பட்டவை. ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச்சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேர், "விடுவிப்பார்" என்று சொல்லிவிட்டு அதோடு விடாமல், "விடுவிக்காமற்போனாலும்" என்று அடுத்த வாக்கியத்தையும் சொன்னார்கள் (தானியேல் 3:18). சூளை அப்போது எரிந்துகொண்டுதான் இருந்தது.

தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. மறுநாள் ராத்திரி வருடக் கடைசி ஆராதனை. கரண்ட் இல்லை, மைக் இல்லை, கோயில் கூரையில் ஓடு பாதி இல்லை. கவிழ்த்துவைத்த டம்ளர்களின் மேல் மெழுகுவர்த்தி ஒட்டிவைத்திருந்தோம். வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் வந்ததே நாற்பது பேருக்குள் இருக்கும். சாட்சி நேரத்தில் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பாட்டி எழுந்தார். "முந்திரி போச்சு. பலா போச்சு. வீட்டு மேல இருந்த தகரமும் போச்சு. நான் இருக்கேன், அவரும் இருக்கார். ஸ்தோத்திரம்." பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கும்வரை வேறு யாரும் எழுந்திருக்கவில்லை.

முந்திரியும் பலாவும் போவதென்றால் என்ன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். நெல் போனால் அடுத்த போகம். முந்திரிக் கன்று காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருடம், பலாவுக்கு அதைவிட அதிகம். தாத்தா நட்ட மரம் பேரன் காலத்திலும் காய்த்துக்கொண்டிருக்கும், அது ஒரே ராத்திரியில் வேரோடு கிடக்கிறது. "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும்" என்ற ஆபகூக்கின் வரியை அன்று யாரும் வாசிக்கவில்லை. பாட்டி ஏற்கெனவே அதைக் கடலூர்த் தமிழில் சொல்லி முடித்திருந்தார்.

உதவி செய்தது மனுஷர்கள்தானே. அதை "கர்த்தர் செய்தார்" என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அந்த மனுஷரை விழுங்கிவிட்டுச் சொல்லக்கூடாது. 2015 டிசம்பர் மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அம்மாவுக்கு முழங்கால் மடக்க வராது. பக்கத்து வீட்டு அண்ணன், சபரிமலைக்கு மாலை போட்டிருந்தவர், கறுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, அம்மாவை முதுகில் சுமந்து தன் வீட்டு மாடிக்குக் கொண்டுபோனார். மூன்று நாள் அவர்கள் வீட்டு ரசம்தான் எங்களுக்கு. விரதச் சமையல், வெங்காயம் பூண்டு கிடையாது. அம்மா இன்றைக்கும் அந்த ரசத்தைப் பற்றிப் பேசுவார்.

பிறகு எங்கள் சபையில் ஒருவர் இதையே சாட்சியாகச் சொல்லும்போது, "தேவன் ஒரு தூதனை அனுப்பினார்" என்று முடித்தார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தூதன் இல்ல, நம்ம பக்கத்து வீட்டுப் பிள்ளை. பேரைச் சொல்லுங்க." எலியாவுக்குப் பஞ்சத்தில் அப்பம் சுட்டுக் கொடுத்தவள் சீதோனைச் சேர்ந்த சாறிபாத் விதவை, இஸ்ரவேல்காரி இல்லை. வேதம் அந்த ஊரை மறைக்கவில்லை. யார் தோளில் ஏறித் தப்பித்தோம் என்று சொல்வதால் கர்த்தருக்கு மகிமை குறைந்துவிடாது.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் இந்துக்கள். அவர்களிடம் எப்படிச் சாட்சி சொல்வது?

கல்லறைகளில் கிடந்த மனிதனை இயேசு சுகமாக்கியபின், "உன் வீட்டிற்குப் போய்" கர்த்தர் உனக்குச் செய்ததை அறிவி என்றார். "உனக்கு" என்ற வார்த்தைக்குள் நின்றால் சண்டை வராது. அவர்கள் சாமியைக் குறை சொல்லி ஆரம்பிக்கிற சாட்சி, சாட்சியே இல்லை. அவர்கள் கேட்டால் சொல்லுங்கள். நாலு வருடம் பக்கத்தில் இருந்து உங்கள் கஷ்டத்தைப் பார்த்தவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

சுகமானால் சபையில் சாட்சி சொல்வேன் என்று பொருத்தனை செய்தேன். சொல்லாமல் விட்டுவிட்டேன். தண்டனை வருமா?

நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் விடுவதைவிட நேர்ந்துகொள்ளாமல் இருப்பதே நலம் என்கிறது பிரசங்கி. நேர்ந்துகொண்டாயிற்று, ஆகவே சொல்லிவிடுங்கள். தாமதமானாலும் பரவாயில்லை. பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேருக்கு வியாதி திரும்பிவந்ததாக எழுதியில்லை.

ஆர்.சி. சகோதரர்கள் வேளாங்கண்ணியில் வெள்ளியில் கால், கை, வீடு என்று செய்து காணிக்கை வைக்கிறார்கள். வாயால் பேச வராதவர்களுக்கு அதுவும் ஒரு வழிதான் என்று எனக்குத் தோன்றும். எங்கள் லுத்தரன் பெரியவர்கள் இதற்குத் தலையசைக்க மாட்டார்கள்.

எதையெல்லாம் சாட்சியில் சொல்லக்கூடாது?

அடுத்தவர் ரகசியத்தை. மகன் குடித்தது, மருமகள் கோபித்துக்கொண்டு போனது, மகளுக்கு வரன் தட்டிப்போனது இதெல்லாம் அவரவர் கதை. அவர்கள் அனுமதி இல்லாமல் மைக்கில் வரக்கூடாது. கடன் கொடுத்தவரைத் திட்டுவதற்கும் சாட்சி நேரம் இடமில்லை. நேரம், ஐந்து நிமிடம். தாண்டினால் எங்கள் வீட்டில் டீ ஆறிவிடும், என் மனைவி கீழேயிருந்து கூப்பிடுவாள்.

எனக்குச் சொல்லும்படி பெரிய சாட்சி ஒன்றும் இல்லையே?

107-ம் சங்கீதத்தை வாசியுங்கள். வழி தப்பினவர்கள், சிறையில் கிடந்தவர்கள், நோயாளிகள், கடலில் புயலில் சிக்கினவர்கள் என்று நாலு கூட்டம். நாலு பேரும் ஆபத்தில் கூப்பிட்டார்கள் என்று அதே வரி நாலு தரம் வரும். கடல்காரர்களைப் பற்றி, "வெறித்தவனைப்போல் அலைந்து தடுமாறுகிறார்கள், அவர்களுடைய ஞானமெல்லாம் முழுகிப்போகிறது" என்று இருக்கிறது. முதுநகர் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகிற யாரிடமாவது வாசித்துக் காட்டுங்கள், எழுதினவர் படகில் போனவரா என்று கேட்பார். இந்த நாலில் ஒன்றிலும் நீங்கள் இல்லாவிட்டால், இந்த வருடம் நிம்மதியாகப் போயிற்று என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். அதைச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை.

வாட்ஸ்அப்பில் வருகிற சாட்சிகளை மற்றவர்களுக்கு அனுப்பலாமா?

சொன்னவர் யார் என்று தெரியாவிட்டால் வேண்டாம்.

நம் ஊர்ச் சரித்திரத்தில் இப்படி யாராவது உண்டா?

கீர்நாந்தர் என்ற ஸ்வீடன் நாட்டு லுத்தரன் மிஷனரி 1740-ல் கடலூருக்கு வந்தார். பதினெட்டு வருடம் இங்கே ஊழியம். 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரையும் புனித டேவிட் கோட்டையையும் பிடித்தார்கள். உழைத்ததையெல்லாம் போட்டுவிட்டு அவர் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு கோயில் கட்டினார், 1770-ல் திறந்தார்கள். பழைய மிஷன் கோயில் என்று இன்றும் நிற்கிறது. ஆஹா, கடலூரில் இழந்ததைக் கல்கத்தாவில் திருப்பிக் கொடுத்தார் என்று இங்கே பிரசங்கத்தை முடித்துவிடலாம். முடிக்க முடியவில்லை, ஏனென்றால் வயதான காலத்தில் அவர் கடனில் மூழ்கினார், அந்தக் கோயிலே ஏலத்துக்கு வரும் நிலை வந்து, வேறொருவர் பணம் கட்டி மீட்டார். 1799-ல் இறந்தார். எந்த வருடத்தில் நிறுத்துகிறோமோ அதைப் பொறுத்து அவர் கதை விடுதலையாகவும் தெரியும், தோல்வியாகவும் தெரியும். தேவனாம்பட்டினத்தில் கோட்டையின் மிச்சச் சுவரைக் கடந்துபோகும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும்.

காத்திருக்கிற நாட்களில் என்ன செய்வது?

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு பழைய கணக்கு நோட்டில் தேதி போட்டு, இடது பக்கம் கேட்டது, வலது பக்கம் நடந்தது. வலது பக்கம் பல இடங்களில் காலி. காலியை நான் நிரப்புவதில்லை, அடிப்பதுமில்லை. சில வரிகளுக்கு நேரே, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத வேறொன்று எழுதியிருக்கும். 2008-ன் பக்கத்தில் இடது பக்கம் "அப்பா கிட்னி", வலது பக்கம் அம்மா கையெழுத்தில் "லைட்".

கடலூரில் எத்தனை வீட்டு வாசலில், ஆட்டோவின் பின்கண்ணாடியில் "எபெனேசர்" என்று எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்" என்று சாமுவேல் கல் நாட்டியது 1 சாமுவேல் 7-ல். 4-ம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் தோற்று உடன்படிக்கைப் பெட்டியைப் பறிகொடுத்தபோது பாளயமிறங்கியிருந்த இடத்தின் பெயரும் எபெனேசர்தான். "இம்மட்டும்" என்ற வார்த்தைக்குள் அந்தத் தோல்வியும் சேர்ந்திருக்கிறது.

தனியாகக் காத்திருக்காதீர்கள். பவுலின் கப்பல் உடைந்தபோது அதில் இருந்தவர்கள் 276 பேர். நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள், மற்றவர்கள் பலகைகளையும் கப்பல் துண்டுகளையும் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். உங்களுக்கு நீந்த வராத வாரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு பலகை வேண்டும். அதற்குத்தான் கூட்டம்.

கூட்டத்துக்கு யார் வரலாம்? சாட்சி கட்டாயமா?

யாரும் வரலாம், எந்தச் சபை என்று கேட்க மாட்டோம். சாட்சி கட்டாயமில்லை. முக்காடு போட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகலாம், அந்த அம்மாவும் வருகிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி. மழை வந்தால் மாடியில் ஒழுகும், கீழ் ஹாலில் நடக்கும். செருப்பை மட்டும் படியில் விடாதீர்கள், தெரு நாய் எடுத்துக்கொண்டு போகிறது.